அரக்கு நிறக் கை

பட்டுக்குச் சாயம் போடுகிறவனின் கையைப் பார்த்தாலே, இந்த வாரம் ஆரணித் தறிகளில் என்ன நிறப் புடவை இறங்கப் போகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் ராணி கலர், மறுநாள் மயில் கழுத்து, அதற்கு மறுநாள் எலுமிச்சை மஞ்சள் என்று நகக்கண் வரைக்கும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்தச் சோப்புக்கும் மசியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் கையை ஒரு தடவையும் தன் ரசத்தை ஒரு தடவையும் பார்ப்பார். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

பழகாத சங்கதி ஒன்று உண்டு. வீட்டில் வளர்கிற ஒரு ஜீவன், நாயோ பூனையோ கிளியோ, மற்றவர்களிடம் குழைந்துவிட்டு உங்களைக் கண்டதும் மட்டும் மூலையில் ஒண்டுகிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிளியிடம் நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். சிரிப்பு வரும் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

ரைஸ் மில் கிளி

எங்கள் வீட்டின் பின்கட்டில் என் சாயப் பட்டறை. செம்பு அண்டாவும் அடுப்பும் நானும், கூட இருந்து கழி பிடித்து நூலைப் புரட்டும் ஏழுமலையும். முன்னறையில் என் மனைவி கஸ்தூரி ராட்டை போட்டு உட்கார்ந்திருப்பாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற குட்டிக் குழலில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. ஒரே பையன், ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டில் ராட்டைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. எனக்கும் அதிகம் பேச வராது.

நொய் வாங்க ரைஸ் மில்லுக்குப் போன கஸ்தூரி ஒரு நாள் கூண்டோடு திரும்பி வந்தாள். மில் வாசலில் தொங்கவிட்டிருந்த கிளி. மூட்டை ஏற்ற வருகிறவன், இறக்க வருகிறவன், லாரிக்காரன் என்று எல்லோரும் குச்சியை விட்டுக் குத்திக் குத்தி அதற்கு ஒரு இறக்கை ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. கூண்டின் அடித்தட்டில், மூலையோடு மூலையாக, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கிற்று. இதைக் கொண்டுவந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அவள் மில் கணக்குப்பிள்ளை சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னாள்: “எடுத்துகினு போங்கம்மா, புண்ணியமா பூடும். கடிச்சிடுச்சின்னு திருப்பி மட்டும் இஸ்துகினு வராதீங்க.”

பார்க்காத மாதிரி இருப்பது

கிளியைப் பழக்குவதென்றால் கிட்டே போய்க் கொஞ்ச வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி நேர்மாறாகச் செய்தாள். கூண்டைச் சுவரோரம் ஒரு மரப்பெட்டி மேல் வைத்து, மூன்று பக்கமும் பழைய துணியால் மூடினாள். ராட்டையை எட்டத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நூல் சுற்றினாள். கம்பியில் ஒரு பச்சை மிளகாயைச் செருகிவிட்டு வந்துவிடுவாள். அது தின்றதா இல்லையா என்று போய் எட்டிப்பார்க்க மாட்டாள். பேசுவதானால் ராட்டையிடம் பேசுவாள். நாளாக நாளாக ராட்டை கூண்டுப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தது.

“அதைப் பாத்தா, நம்மளப் புடிக்க வந்துட்டாங்கன்னு நெனைச்சிக்கும். நாம நம்ம வேலையப் பாத்துகினு இருந்தா அதுவே வந்து நம்மள வேடிக்க பாக்கும்” என்றாள். அப்படித்தான் நடந்தது. முதலில் அவள் விரல் நுனியிலிருந்து மிளகாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஓடாமல் நின்று தின்றது. கடைசியில் கூண்டுக் கதவைத் திறந்துவைத்தால் தானாக வெளியே ஏறி வந்து, ராட்டைக் கட்டையில் உட்கார்ந்து அவள் சுற்றுவதை மேற்பார்வை பார்த்தது. கிண்ணத்தில் வைத்தால் தொடாது, கையில் கொடுத்தால்தான் தின்னும். அதனாலேயே அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

இந்தத் துரைக்கு என்னைக் கண்டால் மட்டும் ஆகவில்லை. பின்கட்டிலிருந்து நான் தலையை நீட்டினால் போதும், கூண்டுக்குள் தூக்கிப் போட்டதுபோல் அடித்துக்கொள்ளும். ஒரு தடவை மூக்கோரம் ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்து, வாசலில் நின்று இருமிக் காட்டிவிட்டு, என் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்தேன். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, சாயத்துக்குக் கொடுத்த பாவு நூலை வாங்க வந்த நெசவாளி ஒருத்தர் கஸ்தூரியிடம் சொன்னது: “கிளிக்கு இன்னாம்மா வசியம் வெச்சீங்க? அத்தயே உங்க ஊட்டுக்காரருக்கும் கொஞ்சம் வெயிங்க, என் பாவு சாயத்துக்குப் போயி எப்பியோ ஆச்சி.”

வேலூர் பஸ்ஸில்

கஸ்தூரிக்கு வயிற்று வலி இருந்திருக்கிறது. சொல்லவில்லை. சோறு இறங்காமல் போன பிறகுதான் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் என் முகம் சாயம் போகிற முகம், எதையும் மறைக்கத் தெரியாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், “ஏங்க, தொரை உங்க கையில திங்கணும்” என்றாள். “நான் இருக்கும்போதே திங்கணும். அதை என் கண்ணால பாத்துட்டா எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.” அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். புது இடத்தில் பட்டினி கிடந்தே செத்துவிடும் என்றாள். பறக்க விட்டுவிடலாம் என்றேன். ஒடிந்த இறக்கையோடு எங்கே பறக்கும், வாசல் தாண்டுமுன் காக்காய் கொத்திவிடும் என்றாள். அவள் எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். எனக்குத்தான் யோசிக்கத் தைரியம் வரவில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை ஆட்டோவோடு காத்திருந்தான். நாங்கள் இல்லாத நாட்களில் கிளிக்குத் தீனி வைக்கிற பொறுப்பு அவனுடையது. கஸ்தூரியை மெல்ல ஏற்றி உட்காரவைத்துவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னான்: “அண்ணே, தட்டு வெச்சது வெச்சபடி கீது, ரெண்டு கடலைய கொறிச்சதோட சரி. அண்ணிக்கு மட்டும் சொல்லாதீங்க, ஓடிப்போய் கூண்டத் தூக்குவாங்க, தையல் பிரிஞ்சிடும்.”

ரப்பர் உறையும் பிளீச்சிங் பவுடரும்

நான் கஸ்தூரி சொன்ன பாடத்தை ஒரு எழுத்து விடாமல் செய்து பார்த்தேன். கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பார்க்கவில்லை. நூல் சுற்றத் தெரியாததால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நாள் துரை மேல் கம்பியிலிருந்து நடுக் கம்பிக்கு இறங்கும். ஆகா, ஆச்சு என்று நினைப்பேன். மறுநாள் போனால் பழைய குருடி கதவைத் திறடி என்று மேல் மூலைக்கே போயிருக்கும். கையை நீட்டினால் கொத்தும். நகத்தைச் சேர்த்துக் கொத்தும். ஒருவேளை சாய வாடை பிடிக்கவில்லையோ என்று பிளீச்சிங் பவுடர் போட்டுக் கையைத் தேய்த்தேன். நிறம் பாதிதான் போனது, தோல் முக்கால்வாசி போனது. அந்த நெடியில் துரை தும்மியது.

அடுத்ததாக ரப்பர் உறை வாங்கிவந்தேன். அதைப் போட்டுக்கொண்டு கூண்டில் கை விட்டபோது அது போட்ட சத்தத்துக்குத் தெருவே எட்டிப்பார்த்தது. சரி, வாங்கியதை வீணாக்க வேண்டாம், சாயம் போடும்போதாவது போட்டுக்கொண்டால் கை கறையாகாதே என்று அண்டா வேலையில் இறங்கினேன். கொதிக்கிற சாயத்தில் நூல் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதை விரல்தான் சொல்லும். உறைக்குள் இருந்த விரல் ஒன்றும் சொல்லவில்லை. நூல் திட்டுத் திட்டாக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் போட்ட நெசவாளி, சண்டை போடக்கூடத் தெம்பில்லாத குரலில் சொன்னார்: “சாயக்காரரே, நான் ஒரே கலர்ல பாவு கேட்டேன். நீங்க வானவில் குடுத்துகீறீங்க.”

தேவராஜு பார்த்தது

அந்த நாட்களில் கஸ்தூரியால் ராட்டை சுற்ற முடியாமல் போய்விட்டது. கூண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாயும் தலையணையும் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். துரைக்கு அவள் மடிதான் ராட்டைக் கட்டை. அவளுக்குச் சோறு ஒரு கரண்டி இறங்கும், அதிலும் பாதி துரைக்கு. எனக்கு அவள் சாப்பிடாதது ஒரு கவலை, அவள் போன பிறகு இது சாப்பிடாது என்பது இன்னொரு கவலை. முதல் கவலைக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, இரண்டாவதை வைராக்கியமாகப் பிடித்துக்கொண்டேன்.

தேவராஜு என்று ஒரு நெசவு முதலாளி. பத்துப் பதினைந்து தறிக்கு நூல் கொடுக்கிறவர். தன் பெண் கல்யாணத்துக்கு ஒரு சாம்பிள் துணியைக் கொண்டுவந்து, அதே நிறம் அச்சாக வேண்டும் என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்தார், மறுநாளும் வந்தார். இரண்டு நாளும் முன்னறையில் உட்கார்ந்து, கஸ்தூரியிடம் உடம்பை விசாரித்துக்கொண்டே, நான் கூண்டில் கை விட்டுக் கடி வாங்குவதைப் பார்த்தார். இரண்டாம் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னதைக் கேட்டுக் கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தும் சிரித்தாள். அவர் சொன்னது இதுதான்: “யோவ், நேத்து வந்தது செவப்புக் கை, இன்னிக்கி வந்தது நீலக் கை. அது கணக்குல தெனம் ஒரு புது ஆளு ஊட்டுக்குள்ள பூந்து கை வுட்றான். என் ஊட்ல அப்டி வந்தா நான்கூடத்தான் கடிப்பேன்.”

அரக்கு மட்டும்

இருபது வருஷமாகத் தினம் ஒரு நிறக் கையோடு திரிகிற எனக்கு இது தோன்றவே இல்லை. சாயக்காரனுக்குத் தன் கை ஒரே கைதான். கிளிக்கு அப்படி இல்லை.

இனிமேல் ஒரே நிறம்தான் என்று முடிவு செய்தோம். எந்த நிறம் என்று கஸ்தூரியைக் கேட்டேன். “அரக்கு” என்றாள். முகூர்த்தம் இருக்கிற மட்டும் அரக்குக்கு ஆர்டர் நிற்காது, நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள் என்றாள். எனக்குச் சோறும் கிளிக்குச் சோறும் சேர்த்துத்தான் அவள் யோசித்திருக்கிறாள். அன்றிலிருந்து அரக்கைத் தவிர எது வந்தாலும் பொய் சொல்லி அனுப்பினேன். பச்சைச் சாயம் ஸ்டாக் இல்லை என்றேன். அண்டா ஓட்டை என்றேன். ஒருத்தரிடம் எனக்கு நீலம் கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது என்றுகூடச் சொன்னேன். வாடிக்கைகள் ஒவ்வொன்றாக அடுத்த தெருப் பட்டறைக்கு நடந்தன. ஏழுமலை அரக்கு அண்டாவிலேயே கழி பிடித்தான். அவன் கையும் முழங்கை வரைக்கும் அரக்காகத்தான் இருந்தது.

ஆனால் துரை மேல் மூலையை விட்டு இறங்கியது. இறங்கினது மறுநாளும் அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. என் கை கம்பியில் இருந்தால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். கொத்தவில்லை. கஸ்தூரி பாயில் கிடந்தபடி, “பாக்காதீங்க, பாக்காதீங்க” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் குரலில் துரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். இதற்கிடையில் கடைகளுக்குப் புடவை பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருத்தர் வந்து நின்று, என் கையைப் பார்த்துவிட்டு அழாத குறையாகக் கேட்டார்: “இன்னாங்க இது பேஜாரு? போளூர்லர்ந்து சேத்துப்பட்டு வரிக்கும் எந்த மண்டபத்துல பூந்தாலும் பொண்ணுங்க எல்லாம் ஒரே ஊட்டுப் பொண்ணுங்க மாதிரி அரக்குல நிக்குதுங்க, இன்னா வேண்டுதலு உங்களுக்கு?”

டீச்சரம்மாவின் வெள்ளைப் புடவை

பொய் சொல்ல முடியாமல் போனது ஒரே ஒருவரிடம்தான். எங்கள் தெரு முனையில் இருந்த ஸ்டெல்லா டீச்சர். கஸ்தூரிக்குக் கஞ்சி கொண்டுவருவார், பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்வார். கஸ்தூரியும் அந்த நேரத்தில் தன் அம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள் டீச்சர் கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளைப் பட்டு, ஓரத்தில் மட்டும் மெல்லிய ஜரிகை. கிறிஸ்தவக் கல்யாணத்தில் பெண்ணுக்கு அதுதான் புடவை. நிறையப் பேர் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அதை வேறு நிறத்துக்கு மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். டீச்சர் இத்தனை வருஷம் மாற்றாமலே பெட்டியில் வைத்திருந்தார். “வெந்தயக் கலர் போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். கிளியையும் காட்டினேன். இந்த நிலைமையில் வெந்தயத்தில் கை வைத்தால் பட்ட பாடெல்லாம் போய்விடும் என்பதைச் சொல்ல ஆரம்பித்துக் கஸ்தூரி பக்கம் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். டீச்சர் புரிந்துகொண்டார். புடவையைத் திரும்ப மடித்துப் பொட்டலம் கட்டினார். கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் நகர்த்தினார். நான் அதை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: “அரக்கே போடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கலர் புடிக்காது. அவரு போயி நாலஞ்சு வருஷமாச்சே, இனிமே யாரு கேக்கப்போறா.”

கொய்யாத் துண்டு

ஒரு மத்தியானம். கஸ்தூரி கண்ணை மூடிக்கிடந்தாள். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. கொய்யாப் பழத்தில் ஒரு துண்டு நறுக்கி விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை தரையில், கூண்டு வாசலுக்கு எதிரே. சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் ஏதோ கீறியது. கடிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடி விழவில்லை. சின்னச் சின்னக் கால் நகங்கள் என் மணிக்கட்டில் ஏறி, புறங்கையில் நின்றன. கொய்யா நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டது.

கூப்பிட்டால் துரை பயந்து ஓடும். கூப்பிடாவிட்டால் கஸ்தூரி பார்க்க மாட்டாள். நாளைக்கு அவள் பார்க்கிற நிலைமையில் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் தவித்ததில்லை. கை மரத்துப்போயிற்று. கொய்யா தீர்ந்தது. அது போகவில்லை, என் கட்டைவிரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அப்போது பின்கட்டிலிருந்து வந்த ஏழுமலை வாசற்படியில் அப்படியே நின்றான். நின்றவன் சத்தம் போடாமல் மண்டியிட்டு நகர்ந்து வந்து, அவள் காலைத் தொட்டான்.

அவள் கண்ணைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை, பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். “பாத்துட்டேன்” என்றாள். அப்புறம், “இனிமே நீங்களும் அதைப் பாக்கலாம்” என்றாள். நான் திரும்பித் துரையைப் பார்த்தேன். அத்தனை கிட்டத்தில் நான் அதைப் பார்த்தது அன்றுதான். எனக்கு அடக்க முடியவில்லை. ஏழுமலை மூச்சே விடாமல் கிசுகிசுத்தான்: “அண்ணே, அழுவாதீங்க. கை ஆடுது, தொரை பயந்துக்கும்.”

மூன்றாம் நாள்

கஸ்தூரி மார்கழியில் போனாள். கடைசி நாட்களில் நான் அண்டாப் பக்கம் போகவில்லை, அவள் பக்கத்திலேயே இருந்தேன். ஏழுமலையைக் கூலிக்கு வேறு பட்டறைக்கு அனுப்பியிருந்தேன், அவன் கை மறுபடியும் பல நிறமாகிவிட்டது. என் கையில் அரக்கு மங்கிக்கொண்டே வந்தது. மங்க மங்கத் துரையும் யோசித்து யோசித்துத்தான் வந்தது. சுடுகாட்டிலிருந்து வந்து முழுகினேன். மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும், எண்ணெயும் சீயக்காயும் வைத்துத் தேய்த்து மறுபடியும் முழுகவைத்தார்கள். தேய்த்தவர்கள் நல்ல மனதோடுதான் தேய்த்தார்கள். மிச்சம் மீதி இருந்த அரக்கும் தண்ணீரோடு போயிற்று. என் சொந்தக் கை, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் பார்த்தது, வெளுப்பாக வெளியே வந்தது.

வீடு நிறைய ஜனம். ஒப்பாரி, பிள்ளைகள் ஓட்டம், நாற்காலி இழுக்கிற சத்தம். கூண்டைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தோம். துரை அடித்தட்டில் மூலையோடு மூலையாக, மில்லிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. வெளுத்த கையில் கடலை எடுத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்து மூச்சு வாங்கிற்று. என் பையன் கை நீட்டினான், அவனைக் கொத்தியது. ஏழுமலையின் கையில் அன்றைக்கு மாம்பழ மஞ்சள். மூன்றாம் நாள் காலையில் அதன் தலை தொங்க ஆரம்பித்தது. அவள் பஸ்ஸில் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் எண்ணெய் தேய்த்துக் கழுவிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

பட்டறையில் ஒரு தவலையில் பழைய அரக்குச் சாயம் ஆறி, பாசிபோல் ஏடு கட்டிக் கிடந்தது. துக்க வீட்டில் தொழில் அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டவில்லை. வலது கையை மணிக்கட்டு வரை அந்தக் குளிர்ந்த சாயத்தில் விட்டு, பிடிக்கிற மட்டும் வைத்திருந்து எடுத்து, வெயிலில் காயவைத்தேன். பிறகு கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, கடலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். பாக்காதீங்க என்று சொல்ல ஆள் இல்லை. இருந்தும் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கால் நகங்கள் மணிக்கட்டில் ஏறின.

அந்த நேரம் பார்த்துத்தான் கஸ்தூரியின் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர், அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். என் கையைப் பார்த்தார். சிவக்கச் சிவக்க இருந்தது. “என் தங்கச்சி போயி மூணு நாளு ஆவல, மாப்ளக்கி அதுக்குள்ள கையில மருதாணி கேக்குதா?” என்று வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். உள்ளே ஒப்பாரி நின்றது. எல்லோரும் வாசற்படியில் வந்து நின்று என் கையையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் கை ஆடும், அதனால் திறக்கவில்லை. ஏழுமலைதான் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்: “மருதாணி இல்லீங்க, அரக்கு. கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்க, அண்ணி கிளி மூணு நாளு கழிச்சி இப்பதான் திங்குது.”

அன்றிலிருந்து இடது கை ஊர் கேட்கிற நிறங்களுக்கு, வலது கை அரக்காகக் கிளிக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டதில் எனக்கென்று கை எதுவும் மிச்சமில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோள் துண்டுதான்.